கவிழ்த்து வைத்த வீல் கப்

துடியலூர்
19.11.95, ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் அணைத்துவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நீங்கள் காங்கேயத்தில் நரசிம்மலு என்பவரின் லாரிப் பட்டறையில் இருப்பதாக பஸ் கண்டக்டர் அம்மாவிடம் சொன்னாராம். வேறு விலாசம் தெரியாது. பட்டறைப் பெயரை மட்டும் எழுதி அனுப்புகிறேன். பதில் போட்டால் வீட்டுக்குப் போட வேண்டாம். என்னோடு படிக்கும் ஆஃப்ரின் வீட்டுக்குப் போடுங்கள். அவளுடைய அம்மா பக்ருன்னிசா துணி தைப்பார்களே, அந்த வீடுதான். கவரின் பின்பக்கம் விலாசம் இருக்கிறது.

நீங்கள் போய் பதினைந்து நாள் ஆகிவிட்டது. அப்பா பட்டறையைத் திறக்கிறார், மூடுகிறார். சாப்பிடும்போது பேசுவதில்லை. போன வாரம் அம்மா பழக்கத்தில் உங்களுக்கும் தட்டு வைத்துவிட்டாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "என்னையப் பொய்யன்னு சொன்னவன் பேரு இந்த ஊட்டுக்குள்ள கேக்கக் கூடாது. தட்டும் வேண்டாம்" என்றார். அம்மா தட்டை எடுத்துவிட்டாள். வடித்த சாதமும் மீந்துபோனது.

டிரைவர் சுப்பையண்ணனுக்குக் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார். முதலாளி வீட்டுக் கார் வேப்பமரத்தில் மோதியதில் வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை என்பதால் மில்லுக்கார அரங்கசாமி முதலாளி போலீஸ் கேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸில் இருந்து ஒருவர் வந்தார். நம் பட்டறையில் மாட்டி அனுப்பிய பிறகு கழன்று ஓடிய சக்கரத்தில் இருந்தது ஹப் கேப்பா, வீல் கப்பா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா, "ரெண்டும் ஒண்ணுதானுங்க. மூடிதானுங்க" என்றார். அவர் ஹப் கேப் என்று எழுதிக்கொண்டு போனார். இரண்டும் ஒன்றுதானா அண்ணா? எனக்குச் சின்ன வயதில் இருந்து எல்லாமே மூடிதான். துடைக்கக் கொடுப்பீர்கள், துடைத்துத் தருவேன்.

இன்னொன்றும் எழுத நினைத்தேன். டார்ச் மங்குகிறது. அப்புறம் எழுதுகிறேன்.

பெயர் போடவில்லை. உங்களுக்கே தெரியும்.


காங்கேயம்
27.11.95

மதிக்கு,

கடிதம் வந்தது. நரசிம்மலு அண்ணன்தான் வாங்கினார். "ஏனப்பா, அனுப்புனவங்க பேரே இல்லியே? பொம்பளப் புள்ள எழுதுனதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். தங்கச்சி என்றேன். "எல்லாரும் மொதல்ல தங்கச்சின்னுதான் சொல்லுவாங்க" என்றார். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். இங்கே வந்து சிரித்தது அது ஒரு தடவைதான்.

இரண்டும் ஒன்று இல்லை. அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். அன்றைக்கு எரிச்சலில் அப்படிச் சொல்லியிருப்பார்.

ஹப் கேப் என்பது சக்கரத்தின் நடுவில் மட்டும் இருக்கும் சின்ன மூடி. உன் உள்ளங்கை அகலம். நம்மிடம் வரும் வேன்களில் பார்த்திருப்பாய். அதை மாட்டினாலும் சுற்றி இருக்கும் நட்டுகள் எல்லாம் வெளியே தெரியும். வீல் கப் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிது. சக்கரத்தின் இரும்பு முழுவதையும் மூடிவிடும். தட்டி மாட்டிவிட்டால் உள்ளே நட்டு இறுகியிருக்கிறதா, நட்டே இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

ஹப் கேப் என்று எழுதினால் என்ன அர்த்தம் தெரியுமா? நட்டு ஆடியது டிரைவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும், அவர் பார்க்காமல் ஓட்டினார் என்று அர்த்தம். பாவம் சுப்பையண்ணன். முடிந்தால் அப்பாவிடம் சொல். எப்படிச் சொல்வாய்? எனக்கே தெரியவில்லை.

புதுக் கார்கள் வர ஆரம்பித்த பிறகுதான் அப்பா ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கழற்றிய நட்டுகளை வீல் கப்பிலேயே போட்டு, தட்டு மாதிரி மல்லாக்க வைப்போம். சக்கரத்தை ஏற்றி, நட்டைக் கையால் திருகி, ஜாக்கியை இறக்கி, ஸ்பேனரால் இறுக்கிய பிறகுதான் கப்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இறுக்கியவன்தான் கவிழ்க்க வேண்டும். மல்லாக்கக் கிடந்தால் வேலை பாக்கி. கவிழ்ந்து கிடந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்து மாட்டலாம்.

அன்று காலை நான் கையால் திருகினேன். ஜாக்கியை இறக்கினேன். மெடிக்கல் ஷாப்பில் எனக்கு போன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஸ்பேனர் பக்கத்தில் நின்ற வேனுக்கு அடியில் கிடந்தது. வந்து இறுக்கிக்கொள்ளலாம் என்று போனேன். கப் மல்லாக்கத்தான் கிடந்தது. திரும்பி வருவதற்குள் அப்பா கப்பை மாட்டி வண்டியை அனுப்பிவிட்டார். அவரே இறுக்கியிருப்பார் என்று நினைத்தேன். கவிழ்ந்து கிடந்தது என்கிறார். கவிழ்த்தது யாராம்? அத்தனை பேர் முன்னால் என்னைக் கேட்டார். நீங்கதான் பார்க்காம மாட்டிப்போட்டு இப்பப் பொய் சொல்றீங்க என்றேன். அதற்கு ஸ்பேனர் பறந்து வந்தது. தோளில் இன்னும் வலிக்கிறது.

எனக்கு எழுதுவதற்காக மாட்டிக்கொள்ளாதே. பத்தாவது பரீட்சை இருக்கிறது.

பிரவின்


துடியலூர்
3.12.95, இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்துத் தடவையாவது படித்தேன். பிறகு ஆஃப்ரினிடமே கொடுத்து வைத்திருக்கிறேன். வீட்டில் வைக்கப் பயமாக இருக்கிறது. அவளுடைய அம்மா மிஷினை நிறுத்திவிட்டு, "ஏங் கண்ணு, காங்கேயத்துல இருந்து உனக்கு ஆரு எழுதறாங்க, காளை மாடா?" என்று கேட்டார்கள். சிரிக்க முடியவில்லை. அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தார்கள்.

நேற்று சுப்பையண்ணனின் மனைவி மாரியாத்தாள் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். சண்டை போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் உள்ளே போய் நின்றுகொண்டேன். அவர்கள் சண்டையே போடவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "ஏனுங்க, நட்டு லூசா இருந்தது கண்ணுக்குத் தெரியிலியான்னு மொதலாளி கேக்கறாருங்க. இனி வண்டிக்கு வர வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க. அவரு பாவமுங்க, மூடி போட்டிருந்தா எப்படீங்க தெரியும்?" என்றார்கள். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மோர் கொடுத்தாள். அவர்கள் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவித் தந்துவிட்டுப் போனார்கள்.

நீங்கள் எழுதியபடியே நடந்துவிட்டது. அப்பா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கட்டில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவருக்குத் தெரியும், ஆனால் இப்போது போய் மாற்றிச் சொன்னால் தன் பட்டறையில் நடந்த தப்பு என்று ஊர் முழுக்கத் தெரியும். அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். கேட்டது.

உங்களை ஒன்று கேட்கிறேன். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். நீங்களும் கவிழ்க்காமல், அப்பாவும் கவிழ்க்காமல், வேறு யாராவது ஒன்றும் தெரியாமல் கவிழ்த்து வைத்திருந்தால், அவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகுமா? பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்திவிடுவார்களா? சும்மா கேட்கிறேன்.

கணக்கில் நாற்பத்திரண்டுதான் வாங்கினேன். கையெழுத்துப் போடும்போது அப்பா மதிப்பெண்ணைப் பார்க்கவே இல்லை.

உங்கள் தங்கை


காங்கேயம்
11.12.95

மதிக்கு,

வேறு யார் வருவார்கள்? அன்று தூறலில் தெரு நாய்கூட உள்ளே வரவில்லை. சும்மா என்னைக் காப்பாற்ற ஆள் தேடாதே.

இங்கே வேலை லாரிக்கு. லாரிச் சக்கரத்துக்கு மூடியே கிடையாது. நட்டு எல்லாம் வெளியே நிற்கும். சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார்கள். முதலில் நிம்மதியாக இருந்தது. இப்போது இல்லை. ஒரு சக்கரத்தை இறுக்கிவிட்டு வந்து, சாப்பிட உட்கார்ந்த பிறகு எழுந்து போய் மறுபடி இறுக்குகிறேன். படுத்த பிறகும் எழுந்து போகிறேன். நரசிம்மலு அண்ணன் பார்த்துவிட்டு, "நட்டுக்கு முத்தம் குடுக்கறியாப்பா?" என்கிறார்.

மாரியாத்தாள் அக்கா டம்ளரைக் கழுவி வைத்தார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அப்பா எத்தனையோ திட்டியிருக்கிறார், அடித்திருக்கிறார். பொய் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அப்படியென்றால் நான்தான் கவிழ்த்திருக்க வேண்டும். போன் என்று கூப்பிட்ட அவசரத்தில் கை தானாகச் செய்திருக்கும். நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். இப்போது கவிழ்த்த மாதிரியே நினைவு வருகிறது. குளிர்ந்த பிளாஸ்டிக் கையில் பட்டதுகூட நினைவு வருகிறது.

ஒரு மனுஷனின் காலை உடைத்த கை இனி நட்டைத் தொடக் கூடாது. காளிச்சாமி என்று ஒரு டிரைவர் தேங்காய் எண்ணெய் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறார். போகி அன்று கிளம்புகிறார். கிளீனராகக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். வருஷத்தில் பாதி நாள் ரோட்டில்தான். விலாசம் இருக்காது.

அம்மாவிடம் சொல்லாதே. படி.

பிரவின்


துடியலூர்
17.12.95, இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் கவிழ்க்கவில்லை. அப்படி நினைவு வந்தால் அது பொய் நினைவு. நான்தான் கவிழ்த்தேன்.

எழுதிவிட்டேன். மூன்று தடவை எழுதிக் கிழித்து அடுப்பில் போட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. அம்மா உங்களுக்கு டீ கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். நான் பட்டறைக்கு வந்தபோது நீங்கள் மெடிக்கல் ஷாப்பில் போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். அப்பா உள்ளே முதலாளி வீட்டுப் பில் எழுதிக்கொண்டிருந்தார். சுப்பையண்ணன் வாசலில் நின்று, "அம்மணி, டீ எனக்கில்லியா?" என்று கேட்டார். உங்கள் டீயை அவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் குடித்து முடிக்கும் வரை நிற்க வேண்டியிருந்தது.

கார்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெரிய மூடி மல்லாக்கக் கிடந்தது. உள்ளே நட்டு ஒன்றும் இல்லை. தூறல் தண்ணீர் தேங்கி, அதில் எண்ணெய் மிதந்தது. முதலாளி வீட்டுக் கார், இப்படி அழுக்காகக் கிடக்கிறதே என்று தண்ணீரைக் கொட்டினேன். பாவாடை ஓரத்தால் துடைத்தேன். துடைத்ததைக் கவிழ்த்து வைத்தேன். தட்டு கழுவினால் கவிழ்த்து வைப்போம் இல்லையா, அந்த மாதிரி. அதற்குமேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை. வேன் மூடிகளை எத்தனை நாள் அப்படித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அதனால் ஒன்றும் ஆனதும் இல்லை. இப்போதுதான் ஏன் என்று புரிகிறது. அது ஹப் கேப். அதைக் கவிழ்த்தாலும் நிமிர்த்தினாலும் நட்டு வெளியேதான் தெரியும்.

டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அப்பா வந்து மூடியைப் பார்த்தார். எடுத்தார். உள்ளங்கையால் சுற்றித் தட்டி மாட்டினார். "போயிட்டு வாங்க சுப்பையா" என்றார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அரை மணி நேரத்தில் செய்தி வந்தது. பெரியநாயக்கன்பாளையம் போவதற்குள் சக்கரம் கழன்றுவிட்டது என்றார்கள். எல்லாரும் கூடிவிட்டார்கள். "கவுந்து கிடந்துச்சு. கவுத்தது ஆரு?" என்று அப்பா கேட்டபோது நான் கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன். நான் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் நீங்கள் அப்பா பொய் சொல்கிறார் என்றீர்கள், ஸ்பேனர் பறந்தது, நீங்கள் சட்டையைக்கூட மாற்றாமல் போய்விட்டீர்கள்.

நீங்களும் பொய் சொல்லவில்லை. அப்பாவும் பொய் சொல்லவில்லை. அது எனக்கு மட்டும் தெரியும். நாற்பத்து மூன்று நாளாகத் தெரியும். தூங்கினால் கனவில் சக்கரம் மட்டும் தனியாக ரோட்டில் போகிறது. சுப்பையண்ணன் கையில் டீ டம்ளரோடு அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது அண்ணா. லாரிக்குப் போகாதீர்கள்.

மதி


காங்கேயம்
28.12.95

மதிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. முதல் இரண்டு நாள் உன்மேல் கோபம். அதை எழுதக் கூடாது என்றுதான் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் ஒரு சக்கரம் இறுக்கினேன். எழுந்து போய் மறுபடி பார்க்கவில்லை. அப்போதுதான் கோபம் போனது என்று தெரிந்தது.

நீ செய்தது தப்பு இல்லை. தண்ணீர் தேங்கிய மூடியை யாராக இருந்தாலும் கொட்டித் துடைப்பார்கள். நான் ஸ்பேனரை எடுக்காமல் போனுக்குப் போனேன். அதுதான் முதல் தப்பு. அப்பா மூடியைப் பார்த்தார், நட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை. பழக்கம் வந்தபின் கண் போதும் என்று நினைத்துவிட்டோம்.

ஆனால் நீ சொல்லாமல் இருந்தது கஷ்டமாக இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

அப்பாவிடம் சொல் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கோபம் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? பயமாக இருந்தால் விட்டுவிடு. நான் கவிழ்த்ததாகவே இருந்துவிட்டுப் போகட்டும். எப்படியும் வெளியே வந்தவன்தானே.

காளிச்சாமி அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். சாக்குப் பை வாங்கித் துணி வைத்தாயிற்று. போகிக்கு முன்னால் எழுத முடிந்தால் எழுது. மாரியாத்தாள் அக்கா வீட்டுக்கு அம்மா போனால் நீயும் கூடப் போ.

பிரவின்


துடியலூர்
7.1.96, ஞாயிறு, காலை பதினொரு மணி

அன்புள்ள அண்ணனுக்கு,

பட்டறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரில் அப்பா இருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சொன்னேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. டீயில் இருந்து ஆரம்பித்தேன் என்று அம்மா சொல்கிறாள். அப்பா எழுந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எப்படிக் கவுத்துனே? காட்டு" என்றார்.

என் தட்டைத்தான் காட்ட முடிந்தது. கழுவினேன், தண்ணீரை உதறினேன், முந்திய தட்டின்மேல் கவிழ்த்தேன். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கம் திரும்பி, "உன்ற கை அப்படியே இருக்குது" என்றார். அம்மா, "கை இருந்து என்ன பண்ணுறதுங்க, வாய் இல்லியே" என்று சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்பா வெளியே போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கொண்டுபோனேன். என்னைப் பார்க்காமலேயே பேசினார். "அவன் பொய் சொல்றான்னு நெனைச்சுத்தான் அம்மணி ஸ்பேனரை வீசுனேன். அது பட்ட எடம் எது?" தோள் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "டார்ச்சுக்கு ரெண்டு மாசத்துல மூணு தடவ பேட்டரிக் கட்டை மாத்திப்போட்டேன். எலி எரிச்சுதுன்னு நா நம்பிக்குவேன்னா நெனைச்சே?" என்றார்.

நேற்றுக் காலை அப்பா முதலில் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனார். இருந்தது வீல் கப், மாட்டினால் நட்டு தெரியாது, இறுக்காமல் மாட்டியது தன் பட்டறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன் நகலை முதலாளியிடமும் கொடுத்தார். முதலாளி ரொம்பப் பேசினாராம். என்ன பேசினார் என்று அப்பா சொல்லவில்லை. சுப்பையண்ணன் காலை ஊன்ற ஆரம்பித்ததும் மில் கேட்டில் உட்காரும் வேலை தருவதாக மட்டும் ஒத்துக்கொண்டாராம். இனி அந்த வீட்டு வண்டி நம்மிடம் வராது.

சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும், ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிவிட்ட சுப்பையண்ணனைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனோம். நானே சொன்னேன். அவர் கம்பி வைத்த காலைக் கையால் தூக்கி நகர்த்தி வைத்துக்கொண்டார். பிறகு, "டீ நல்லாத்தான் இருந்துச்சு அம்மணி. அவனுக்கு வெச்சதை நாங் கேட்டு வாங்கிக் குடிச்சேன்" என்றார். மாரியாத்தாள் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் மன்னித்தார்களா என்று எனக்குத் தெரியாது. வரும்போது வாசல்வரை வரவில்லை.

இன்று காலை ஒரு புதுக் கார் பஞ்சர் போட வந்தது. நான்கு சக்கரத்தையும் சரிபார்க்கச் சொன்னார்கள். அப்பா நட்டுகளை இறுக்கினார். ஒவ்வொன்றையும் இரண்டாவது தடவையும் ஸ்பேனர் போட்டு இழுத்தார். எல்லாம் முடிந்த பிறகும் வீல் கப்களைக் கவிழ்க்கவில்லை. கார்க்காரர் அவசரப்பட்டார்.

"அதான் இறுக்கியாச்சுங்களே. கப்பை மாட்டுங்க, போகோணும்."

"இன்னியிலிருந்து இங்க ரெண்டு ஆளு பாக்கோணுமுங்க. நான் பார்த்துட்டேன். இன்னொருத்தன் பார்த்துட்டுத்தான் மூடோணும்."

"அவர் எங்கீங்க?"

"வரோணுமுங்க."

"எங்கிருந்துங்க?"

"காங்கேயத்துலிருந்துங்க."

அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். சிரித்துவிட்டு, கப் இல்லாமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்வாராம்.

பிறகுதான் அப்பா மேஜையைத் துடைத்து, இந்தக் கவரை எடுத்து என் முன்னால் வைத்தார். என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். "நடந்ததை எழுது" என்றார். மதியம் காங்கேயம் பஸ்ஸில் கண்டக்டரிடம் அவரே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்.

நான்கு கப்பும் பட்டறை நடுவில் மல்லாக்கக் கிடக்கின்றன. நான் தொடவில்லை.

பா. மதிவதனி
பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு